கேட்கும் சொல்லும் காக்கும் கடமையும்: சமூக ஒளிப்படங்களை வேண்டும் அருங்காட்சியகங்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

குடும்பங்களிடமும் ஊர்களிடமும் உள்ள பழைய ஒளிப்படங்களைப் பகிர்ந்துகொள்ளுமாறு அருங்காட்சியகங்கள் பொதுமக்களை அழைப்பது இன்று உலகெங்கும் பரவலாகியுள்ளது. வரலாற்றை மக்களிடம் திருப்பித் தரும் செயலாக இவ்வழைப்பு பாராட்டப்படுகிறது. அழைப்பவர் எந்நிலையில் நின்று கேட்கிறார், கொடுப்பவருக்குக் கொடுக்கும் உரிமை முழுமையாக உண்டா, பெற்றவர் ஏற்கும் பொறுப்பு யாது என்னும் வினாக்கள் குறைவாகவே எழுப்பப்படுகின்றன. தொல்காப்பியம் கூறும் இரவின் கிளவி, சிலப்பதிகாரம் காட்டும் அடைக்கலம் ஆகிய இரு கருத்துகளின் துணையுடன் இவ்வினாக்களை இக்கட்டுரை அணுகுகிறது. வாஷிங்டன், கேப் டவுன் நகரங்களின் இரு அருங்காட்சியகங்கள் மதிப்பிடப்படுகின்றன. அம்மதிப்பீட்டிலிருந்து தமிழ்ச் சூழலுக்குப் பெறப்படும் கருத்துகள் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சமூக ஒளிப்படம், அருங்காட்சியகம், இரவின் கிளவி, அடைக்கலம், ஒப்புதல், ஸ்டூடியோப் படங்கள்

முன்னுரை

வீட்டுச் சுவரில் தொங்கும் ஒளிப்படமும் அருங்காட்சியகச் சுவரில் தொங்கும் ஒளிப்படமும் ஒரே படமாக இருக்கலாம். வீட்டில் அதற்கு மாலையும் பொட்டும் உண்டு. திதியன்று அதன் முன் இலை போட்டுப் படைப்பதும் உண்டு. படத்தில் இருப்பவரின் பெயரை எழுதிவைக்க வேண்டிய தேவை அங்கு எழுவதில்லை. அருங்காட்சியகத்தில் அதற்குப் பதிவெண்ணும் விளக்கக் குறிப்பும் உரிமைக் குறிப்பும் உண்டு. பெயர் தெரியாவிடில் ‘அடையாளம் தெரியாத பெண்’ என்று அது பட்டியலில் இடம்பெறும். ஒரு சுவரிலிருந்து மற்றொரு சுவருக்கு அப்படம் செல்லும் பயணம் ஓர் அழைப்பில் தொடங்குகிறது. அவ்வழைப்பைச் செய்தி அறிவிப்பாக மட்டும் கொள்ளாமல், திறனாய்வுக்குரிய ஒரு பனுவலாகக் கொள்வது இக்கட்டுரையின் அணுகுமுறையாகும்.

அழைப்பு என்பது அடிப்படையில் ஒரு வேண்டுகோள். இலக்கண மரபில் கூறின் அது இரவின் கிளவி. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் இரத்தற்பொருள் தரும் மூன்று சொற்களைக் கேட்பவரின் நிலையைக் கொண்டு வேறுபடுத்துகிறது. ‘ஈ’ என்பது தாழ்ந்தோன் கூற்று. ‘தா’ என்பது ஒப்போன் கூற்று. ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கூற்று. கேட்கப்படும் பொருள் ஒன்றே ஆயினும், கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் இடையிலுள்ள உறவே சொல்லைத் தீர்மானிக்கிறது என்பது இப்பகுப்பின் சாரம். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியைக் கடந்து இவ்விலக்கணத்தை நிறுவனங்களின் மீது பொருத்துவது வலிந்த செயலாகத் தோன்றலாம். எனினும், கேட்டல் என்னும் செயலில் அதிகாரம் உறைந்துள்ளது என்பதைக் காட்ட இதனினும் சுருக்கமான கருவி கிடைப்பது அரிது.

பல அருங்காட்சியகங்களின் அழைப்புகள் ‘தா’ என்னும் ஒப்போன் மொழியில் எழுதப்படுகின்றன. பகிர்தல், பங்கேற்பு, நம் வரலாறு ஆகிய சொற்கள் அவற்றில் நிறைந்திருக்கும். அவ்வழைப்பை ஏற்று வருபவர் கையொப்பமிடும் ஒப்புதல் படிவமோ பெரும்பாலும் ‘கொடு’ என்னும் உயர்ந்தோன் மொழியில் அமைகிறது. காலவரையறையற்ற பயன்பாட்டு உரிமை, திரும்பப் பெற இயலாமை, எந்த ஊடகத்திலும் வெளியிடும் உரிமை ஆகியன அப்படிவத்தின் வழக்கமான கூறுகள். அழைப்பின் மொழிக்கும் படிவத்தின் மொழிக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியே இங்கு ஆராயப்படுகிறது.

எடுத்த காலம்

அருங்காட்சியகம் சமூகங்களிடம் படங்களைக் கேட்கத் தொடங்குவதற்கு முன் நெடுங்காலம் அவற்றைக் கேளாமலே எடுத்துக்கொண்டிருந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கில ஒளிப்படத் தொகுப்பு, மனிதர்களைச் சாதி, இனக்குழு வகைகளின் மாதிரிகளாக அடுக்கியது. படத்தில் இருப்பவரின் பெயரைவிட அவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதே ஆட்சியாளருக்குத் தேவைப்பட்டது.

இம்மரபில் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கும் பங்குண்டு. 1885-இல் அதன் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சமூகத்தவரின் தலை, மூக்கு அளவுகளைக் கருவி கொண்டு அளந்தார். அவர்களது படங்களையும் திரட்டினார். ரங்காச்சாரியின் துணையுடன் அவர் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ இன்றும் ஆய்வாளர்களால் மேற்கோள் காட்டப்படுகிறது. வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களுள் சிறந்தவர்களைப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கவே அவர் வந்துள்ளார் என்று நம்பியதாகத் தர்ஸ்டனே அந்நூலின் முன்னுரையில் குறிப்பிடுகிறார். அவர் அதனை வேடிக்கைச் செய்தியாகவே பதிவு செய்தார். இன்று படிக்கும்போது அது ஒரு கூர்மையான நிறுவன விமர்சனமாகத் தெரிகிறது. அருங்காட்சியகம் என்பது உயிருள்ளவரை மாதிரியாக மாற்றும் இடம் என்பதை அப்பெண்கள் தம் அச்சத்தின் வழியே உணர்ந்திருந்தனர்.

இந்த வரலாறு அழைப்பின் பின்னணியில் எப்போதும் நிற்கிறது. ஒரு சமூகம் அருங்காட்சியகத்தின் அழைப்பைக் கேட்டுத் தயங்குமானால் அதனை விழிப்புணர்வின்மை என்று மதிப்பிடுவது பிழையாகும். எடுத்தவர்களே இன்று கேட்கிறார்கள் என்னும் நினைவும் அத்தயக்கத்தில் கலந்திருக்கக்கூடும். எடுத்தலிலிருந்து கேட்டலுக்கு மாறுவது பெரிய மாற்றமே. அம்மாற்றம் எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதை இரு நிறுவனங்களின் வழியே காணலாம்.

வாஷிங்டன்: கற்பித்துவிட்டுக் கேட்டல்

ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தை நிறுவும் சட்டம் அமெரிக்காவில் 2003-இல் இயற்றப்பட்டது. 2005-இல் அதன் இயக்குநராக நியமிக்கப்பட்ட லானி பஞ்ச்சிடம் அப்போது கட்டடமும் இல்லை, பொருள்திரட்டும் இல்லை. பிற தேசிய அருங்காட்சியகங்கள் நூறாண்டுகளாகத் திரட்டிய பொருள்களைக் கொண்டு காட்சி அமைத்தன. இங்கோ காட்சிக்குரிய பொருள்கள் வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் இருந்தன. ஆகவே 2008-இல் சிகாகோவில் தொடங்கி நகரம் நகரமாக மக்களைச் சந்திக்கும் திட்டம் ஒன்று மேற்கொள்ளப்பட்டது. மக்கள் தம் குடும்பப் படங்கள், கடிதங்கள், துணிகள், கருவிகள் ஆகியவற்றைக் கொண்டுவந்தனர். காப்பு வல்லுநர்கள் அவற்றைப் பார்வையிட்டு, அவற்றை எவ்வாறு பாதுகாப்பது என்று விளக்கினர். பொருள்களுக்கு விலைமதிப்பு கூறப்படவில்லை. வந்தவர்கள் தம் பொருளுடனே வீடு திரும்பினர்.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் வரிசைமுறையில் உள்ளது. அருங்காட்சியகம் முதலில் தன் அறிவைக் கொடுத்தது. கேட்பது பின்னரே நிகழ்ந்தது. சிகாகோவில் ஒருவர் புல்மன் தொடர்வண்டிப் பணியாளரின் வெண்தொப்பியைக் கொண்டுவந்ததும், அது பின்னர் அருங்காட்சியகத் திரட்டில் சேர்ந்ததும் இவ்வரிசைமுறையின் விளைவாகும். 2016 செப்டம்பர் 24 அன்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது அதன் திரட்டின் பெரும்பகுதி தனிமனிதர்களிடமிருந்தும் குடும்பங்களிடமிருந்தும் வந்ததாக இருந்தது. அதன்பின் தொடங்கப்பட்ட எண்மமாக்கத் திட்டங்களில் குடும்பப் படங்களும் வீட்டுத் திரைச்சுருள்களும் படியெடுக்கப்படுகின்றன. மூலப்படி குடும்பத்திடமே இருக்க, எண்மப்படியும் அக்குடும்பத்துக்கு வழங்கப்படுகிறது.

இதனை ‘தா’ என்னும் ஒப்போன் கூற்றுக்கு மிக நெருங்கிய நடைமுறை எனலாம். ஆயினும் ஒரு குறை எஞ்சியுள்ளது. சிகாகோவில் 1961-இலேயே கறுப்பின மக்கள் தம் முயற்சியால் ஓர் அருங்காட்சியகத்தை நிறுவினர். டெட்ராயிட்டிலும் அத்தகைய நிறுவனம் 1965-இல் தோன்றியது. கூட்டரசின் நிதியும் தலைநகரின் புகழும் கொண்ட நிறுவனம் அதே ஊர்களில் அதே மக்களைச் சந்திக்கும்போது, நெடுங்காலம் சிறு நிதியில் இயங்கிவந்த உள்ளூர் நிறுவனங்களின் நிலை என்ன ஆகும்? பொருள்களைக் குடும்பங்கள் தாமே காப்பதையும் உள்ளூர் அருங்காட்சியகங்களுக்கு அளிப்பதையும் பஞ்ச் ஊக்குவித்தார் என்பது உண்மை. எனினும், எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும் பெரிய நிறுவனத்தின் குரல் பெரிதாகவே ஒலிக்கும். கேட்பவரின் பணிவு மட்டும் கேட்பவரின் நிலையை மாற்றிவிடாது.

கேப் டவுன்: படம் இல்லாதவர்க்கும் இடம்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 1867-இல் ஆறாம் நகராட்சி வட்டாரமாகப் பெயரிடப்பட்ட பகுதி டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர், தொழிலாளர், கைவினைஞர், குடியேறியோர் எனப் பலர் கலந்து வாழ்ந்த அப்பகுதி, 1966 பிப்ரவரி 11 அன்று வெள்ளையருக்கு மட்டும் உரியதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்டோர் நகருக்கு வெளியேயுள்ள மணற்பாங்கான சமவெளிக்கு அகற்றப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன, வழிபாட்டுத் தலங்கள் சில மட்டுமே எஞ்சின. 1994 டிசம்பரில், அப்பகுதியை ஒட்டிய பழைய மெதடிஸ்ட் தேவாலயக் கட்டடத்தில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அங்குள்ள முதன்மையான காட்சிப்பொருள் தரையில் விரிக்கப்பட்ட தெருப்படம். முன்னாள் குடியிருப்போர் வந்து, தம் வீடு இருந்த இடத்தைத் தேடி, அங்குத் தம் குடும்பப் பெயரை எழுதினர். நீண்ட வெண்துணியிலும் அவர்கள் தம் பெயர்களையும் நினைவுகளையும் எழுதினர். அவ்வெழுத்துகள் பின்னர் நூலால் தைக்கப்பட்டன. இடிப்புப் பணியில் இருந்த ஒருவர் அழிக்காமல் வைத்திருந்த தெருப்பெயர்ப் பலகைகள் அங்குத் தொங்குகின்றன. இவற்றினிடையே, மக்கள் தந்த குடும்பப் படங்களும் தெருப் படங்களும் இடம்பெற்றுள்ளன.

இவ்வமைப்பில் ஒளிப்படம் தனித்து நிற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒருவர் கொண்டுவந்த படம் தரைப்படத்திலுள்ள ஒரு தெருவோடும், துணியிலுள்ள ஒரு பெயரோடும் தொடர்பு பெறுகிறது. அதனினும் முதன்மையானது, படம் ஏதும் இல்லாதவரும் அங்கு வெறுங்கையுடன் வந்து தம் பெயரை எழுத முடிந்தது என்பது. ஒளிப்படத்தை மட்டும் கேட்கும் அழைப்பு, ஒளிப்படம் எடுத்துக்கொள்ளவும் அதனைக் காத்துவைக்கவும் வாய்ப்பிருந்தவர்களிடம் மட்டுமே கேட்கிறது. அகற்றப்பட்டவருள் ஆல்பத்தை எடுத்துச் சென்றவரும் உண்டு, எடுத்துச் செல்ல இயலாதவரும் உண்டு. இருவருக்கும் இடமளித்ததே இவ்வருங்காட்சியகத்தின் வலிமை.

இங்குக் கேட்பவரும் கொடுப்பவரும் பெரும்பாலும் ஒரே மக்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. வெளியேற்றத்தை எதிர்த்த இயக்கத்திலிருந்து பிறந்த நிறுவனம் இது. மக்கள் தராவிடில் இதனிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே அதன் அழைப்பு ‘ஈ’ என்னும் கூற்றுக்கு உரியது. நில மீட்புக்கான கூட்டங்கள் இதே கட்டடத்தில் நடைபெற்றன. நினைவு அங்கு அழகியல் இன்பமாக மட்டும் நில்லாமல் உரிமைக் கோரிக்கையின் பகுதியாயிற்று.

இந்நிறுவனமும் திறனாய்வுக்கு அப்பாற்பட்டதன்று. குடும்பப் படங்கள் இயல்பாகவே திருமணம், திருவிழா, சுற்றுலா, புத்தாடை ஆகியவற்றின் படங்கள். நெரிசலையும் வறுமையையும் குடும்பச் சண்டையையும் எவரும் ஆல்பத்தில் ஒட்டி வைப்பதில்லை. எனவே மக்கள் தரும் படங்களிலிருந்து கட்டப்படும் வரலாறு, இழந்த ஊரை இணக்கம் நிறைந்த பொற்காலமாகக் காட்டும் போக்குடையது. மேலும், 1901-இல் கொள்ளைநோயைக் காரணம் காட்டி, கறுப்பின ஆப்பிரிக்கர்கள் இதே பகுதியிலிருந்து முதலில் வெளியேற்றப்பட்டனர். 1966-க்குப் பின் அகற்றப்பட்டவர்களிடம் ஆல்பங்கள் இருந்த அளவுக்கு, அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அகற்றப்பட்டவர்களிடம் அவை இருந்திருக்க வாய்ப்பில்லை. படங்களின் எண்ணிக்கை துயரத்தின் அளவைக் காட்டுவதில்லை. எந்தச் சமூகத்தின் படங்கள் வந்து சேரவில்லை என்று கேட்பதும் அழைப்பு விடுப்பவரின் கடமையாகும்.

கொடுப்பவர் ஒருவர், படத்தில் இருப்பவர் பலர்

மேற்கண்ட இரு நிறுவனங்களின் செயற்பாடுகளும் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான உறவைச் செம்மைப்படுத்துகின்றன. ஒளிப்படத்தில் மூன்றாவது தரப்பு ஒன்றும் உண்டு. அது படத்தில் இருப்பவர். இத்தரப்பின் நிலையைத் தெளிவாக்கும் வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடைபெற்றது.

1850-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக அறிவியலாளர் லூயி அகாசியின் இனக்கோட்பாட்டு ஆய்வுக்காக, தென் கரோலினாவில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த ரெண்டி, அவருடைய மகள் டெலியா உள்ளிட்டோர் ஆடை களையப்பட்ட நிலையில் டாகுவேரோடைப் முறையில் படமெடுக்கப்பட்டனர். 1976-இல் அப்பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் மேல்தளத்தில் அப்படங்கள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. தம்மை ரெண்டியின் வழித்தோன்றல் எனக் கூறிய தமாரா லேனியர், அவற்றைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு 2019-இல் வழக்குத் தொடுத்தார். படத்தில் இருப்பவருக்கு, அவர் படத்தில் இருக்கிறார் என்னும் காரணத்தால் அப்படத்தின் மீது சொத்துரிமை எழுவதில்லை என்னும் நிலைப்பாட்டை 2022-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் ஏற்றது; ஆனால் பல்கலைக்கழகம் தம்மை நடத்திய முறையால் நேர்ந்த மன உளைச்சலுக்காக அவர் வழக்கைத் தொடரலாம் என்றும் கூறியது. 2025-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அப்படங்களைச் சார்ல்ஸ்டன் நகரிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு மாற்றுவதென முடிவாயிற்று.

வன்முறையால் எடுக்கப்பட்ட அப்படங்களையும் விரும்பித் தரப்படும் குடும்பப் படங்களையும் ஒரே தட்டில் வைப்பது இங்கு நோக்கமன்று. அவ்வழக்கு வெளிப்படுத்திய சட்ட இடைவெளி இரண்டுக்கும் பொதுவானது. படத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு உரிமை உண்டு, படத்தில் தெரிபவருக்கு இல்லை என்னும் நிலையில், ‘உங்கள் படங்களைத் தாருங்கள்’ என்னும் அழைப்பில் வரும் ‘உங்கள்’ என்னும் சொல் யாரைக் குறிக்கிறது? அழைப்பு இதனை எளிதில் கடந்துவிடுகிறது. திறனாய்வு கடந்துவிட இயலாது.

தமிழ்ச் சூழல்

தமிழகத்தில் இவ்வினா ஸ்டூடியோப் படங்களின் வழியே கூர்மை பெறுகிறது. எண்ம ஒளிப்படம் வந்தபின் சிறு நகரங்களின் பழைய ஸ்டூடியோக்கள் பல மூடப்பட்டன; கண்ணாடித் தகடுகளும் நெகட்டிவ் பெட்டிகளும் பழைய பொருள் கடைக்குச் சென்றன. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் ஆதரவுடன், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டூடியோப் படங்களை எண்மமாக்கினர். மூலப்படிகள் தோன்றிய நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பதும், எண்மப்படி உள்நாட்டிலும் வைக்கப்பட வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் விதிகள். எடுத்துச் செல்லும் காலனிய மரபிலிருந்து இது தெளிவாக விலகி நிற்கிறது. அப்பணி நிகழாதிருந்தால் பல படங்கள் இன்று இரா.

அதே வேளையில், ஸ்டூடியோ நெகட்டிவ் என்னும் பொருளின் இயல்பே சிக்கலானது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கட்டணம் தந்து தம் வேண்டுகோளின் பேரில் எடுக்கச் செய்த ஒளிப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிடில், அவரே முதல் உரிமையாளர். நெகட்டிவ் ஸ்டூடியோவின் பெட்டியில் இருக்கும். உரிமை வாடிக்கையாளரின் குடும்பத்தில் இருக்கும். பெட்டியை மனமுவந்து தரும் ஸ்டூடியோ உரிமையாளர், பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான குடும்பங்களின் முகங்களையும் உடன் தருகிறார்.

கட்டணம் தந்தவருக்கும் படத்தில் இருப்பவருக்கும் இடையிலும் வேறுபாடு உண்டு. மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டுவதற்காக எடுக்கப்பட்ட பெண்ணின் படத்துக்குக் கட்டணம் தந்தவர் தந்தை. சட்டத்தின்படி உரிமை அவருக்கே. அப்பெண்ணின் விருப்பம் படம் எடுத்த அன்றும் கேட்கப்பட்டிருக்காது, திரட்டில் சேர்க்கப்படும் அன்றும் கேட்கப்படாது. இறந்தவரை அமர்த்திக் குடும்பத்தார் சூழ எடுத்துக்கொண்ட படங்களும் இத்திரட்டுகளில் உண்டு. துக்கத்தின் பொருட்டு எடுக்கப்பட்ட அவை, காட்சிக்கூடத்தில் விந்தைப் பொருளாக மாறும் ஆபத்து உள்ளது.

சாதி இச்சிக்கலை மேலும் ஆழமாக்குகிறது. நிலவுடைமைக் குடும்பத்தின் ஆல்பத்தில் முன்வரிசையில் நாற்காலியில் அமர்ந்திருப்போரும் பின்புறத்திலோ ஓரத்திலோ நிற்கும் பண்ணையாட்களும் ஒரே சட்டகத்தில் இருப்பர். அழைப்பை ஏற்று அப்படத்தைத் தருபவர் அமர்ந்திருந்தவரின் பேரன். நின்றிருந்தவரின் பேத்திக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. விளக்கக் குறிப்பு எழுதப்படும்போது முன்வரிசைக்குப் பெயர்களும் பின்வரிசைக்கு ‘பணியாட்கள்’ என்னும் சொல்லும் கிடைக்கும். மக்கள் பங்கேற்பு என்னும் பெயரில், தர்ஸ்டன் காலத்து வகைப்பாடு மறுவடிவில் திரும்புவது இவ்வாறுதான். உழைக்கும் குடும்பங்கள் பலவற்றில் மூத்தோரின் ஒரே படம் வாக்காளர் அட்டையில் உள்ள படமே. அதனையும் ஏற்க அணியமாக இருக்கும் அழைப்பே அவர்களை உண்மையில் அழைக்கிறது.

ஈழத் தமிழரிடையே ஒளிப்படத்தின் நிலை இதனினும் கடுமையானது. 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு ஆகிய இடங்களில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் படங்களைக் கையிலேந்திப் போராடத் தொடங்கினர். ஒரு தாயின் கையிலுள்ள மகனின் படம், ‘இவர் இருந்தார், எங்கே?’ என்னும் வினா. அதற்கு விடை கிடைக்காத நிலையில் அதனை வரலாற்றுப் பொருளாகப் பெற்றுக்கொள்வது வினாவையே முடித்துவைப்பதாகிவிடும். போர்க்காலத்தில் ஒரு படம் வீட்டில் இருப்பதே குடும்பத்துக்கு இடர் விளைவிக்கக்கூடியதாக இருந்தது. அத்தகைய படங்களைத் திறந்த தளத்தில் வைப்பது, தந்தவரின் ஒப்புதல் இருப்பினும், உயிரோடிருக்கும் பிறரை ஆபத்துக்கு உள்ளாக்கலாம். எல்லாப் படங்களும் பகிர்வதற்குரியன அல்ல; சில, காப்பதற்கு மட்டுமே உரியன.

அடைக்கலம் என்னும் உறவு

இச்சூழலுக்குக் கொடை, பகிர்வு ஆகிய இரு சொற்களும் போதுமானவையாக இல்லை. கொடை என்பதில் கொடுத்தவரின் உறவு கொடுத்த அளவில் முடிந்துவிடுகிறது. பொருள் பெற்றவருக்கு உரியதாகிறது. பகிர்வு என்பதில் இருவரும் சமமாக நுகர்வதான தோற்றம் உண்டு. பொறுப்பு யாருடையது என்பது மங்கிவிடுகிறது. தமிழ் மரபில் இவற்றினும் பொருத்தமான சொல் அடைக்கலம்.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் ஒப்படைக்கிறார். மாதரி கண்ணகியைப் பெற்றுக்கொண்டாளே ஒழிய, உடைமையாக்கிக் கொள்ளவில்லை. பின்னர் நேர்ந்த அழிவில் மாதரியின் பிழை ஏதுமில்லை. எனினும் அடைக்கலப்பொருளை இழந்தேன் என்று அவள் தீயில் வீழ்ந்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் கூறுகிறான். அவள் முடிவை இன்றைய நிறுவனங்களுக்கு முன்மாதிரியாகக் காட்ட வேண்டியதில்லை. பெற்றவரின் பொறுப்பு பெற்றதோடு தொடங்குகிறது என்னும் அறமே இங்கு ஏற்கத்தக்கது. தம் பிழையால் அன்றிப் பிறர் செயலால் கேடு நேர்ந்தாலும் அதற்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டவர் பெற்றவரே என்பதும் அவ்வறத்தின் கூறு.

அடைக்கலப்பொருளுக்கு மூன்று இயல்புகள் உண்டு. ஒப்படைத்தவரின் உறவு அதனோடு அறுவதில்லை. கேட்கும்போது திருப்பித் தர வேண்டியது அது. ஒப்படைக்கப்பட்ட நோக்கத்துக்கு மாறாக அதனைப் பயன்படுத்தலாகாது. ஒப்புதல் படிவத்தை இம்மூன்றின் அடிப்படையில் திருத்தி எழுதினால் அதன் மொழியே மாறிவிடும். திரும்பப் பெற இயலாமை என்னும் கூறு நீங்கும். எந்த ஊடகத்திலும் என்னும் தொடர், எந்த நோக்கத்துக்கு என்னும் வினாவாகும். காலவரையறையற்ற உரிமை, காலந்தோறும் புதுப்பிக்கப்படும் உடன்பாடாகும்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. திரும்பப் பெறக்கூடிய பொருள்களைக் கொண்டு எந்த நிறுவனமும் நிலையான திரட்டை உருவாக்க இயலாது. ஆய்வாளர் இன்று மேற்கோள் காட்டிய படம் நாளை மறைந்துவிடலாம். ஒவ்வொரு முகத்துக்கும் ஒப்புதல் தேடினால் எந்தத் திரட்டும் திறக்கப்படாது. இவ்வாதத்தில் உண்மை உள்ளது. நெகட்டிவ் பெட்டி எடைக்குப் போகும் அவசரத்தில், முதலில் காப்பதே அறம் என்பதையும் மறுக்க இயலாது. ஆனால் காத்தலும் காட்டலும் வெவ்வேறு செயல்கள். முன்னதற்கு அவசரம் உண்டு, பின்னதற்கு இல்லை. இரண்டையும் ஒரே கையொப்பத்தில் பெற்றுக்கொள்ளும் படிவமே சிக்கலின் வேர். அவற்றைப் பிரித்துவிட்டால் ஆய்வு நின்றுவிடாது. ஆய்வாளர் தாம் காட்டும் படத்தில் உள்ளவரைத் தேடிச் செல்லும் கடமை மட்டுமே கூடும். அத்தேடலும் ஆய்வின் பகுதியே.

முடிவுரை

அருங்காட்சியகங்களின் ஒளிப்பட அழைப்பு, எடுத்தலின் வரலாற்றிலிருந்து விலகும் முயற்சி என்னும் வகையில் வரவேற்கத்தக்கது. வாஷிங்டன் நிறுவனம் கேட்பதற்கு முன் கொடுத்தது. மூலப்படியைக் குடும்பத்திடமே விட்டுவைக்க முடியும் என்றும் காட்டியது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் படம் இல்லாதவருக்கும் வரலாற்றில் இடமளித்தது. படத்தில் இருப்பவரின் உரிமை என்னும் மூன்றாம் வினாவுக்கு இவ்விரு முறைகளும் முழுமையான விடையாகவில்லை. சட்டமும் இதுவரை அதற்கு நிறைவான விடை தரவில்லை.

தமிழகத்தில் ஊர் அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் இத்தகைய அழைப்புகளை விடுக்கும்போது, எத்தனை படங்கள் வந்தன என்பதை மட்டும் வெற்றியின் அளவுகோலாகக் கொள்ளலாகாது. பின்வரிசையில் நிற்பவருக்குப் பெயர் கிடைத்ததா, படம் இல்லாத குடும்பம் என்ன கொண்டுவந்தது, காட்ட வேண்டாம் என்று ஒருவர் கூறியபோது அது மதிக்கப்பட்டதா என்பனவே உரிய அளவுகோல்கள். வயநாட்டுப் பெண்கள் அருங்காட்சியகத்தைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய கொள்ளுப்பேத்திகள் தம் வீட்டுப் படத்தை அதே வகை நிறுவனத்திடம் நம்பி ஒப்படைக்க வேண்டுமாயின், அதற்கான காரணத்தை உருவாக்கும் பொறுப்பு கேட்பவரையே சாரும்.